சோழவரத்தில் ஒரு பலகை

உங்கள் வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். 'சோழவரம்' என்று சொல்லிவிட்டு, முதலில் என்ன ஞாபகம் வருகிறது என்று கேளுங்கள். முப்பதுக்குக் கீழே இருப்பவர்கள் 'ஏரி' என்பார்கள். மழைக்காலத்தில் பூண்டி, புழல், செம்பரம்பாக்கத்தோடு சேர்த்து டி.வி.யில் வாசிக்கிற பெயர். கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. ஐம்பதைத் தாண்டியவர்களைக் கேட்டால், இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு 'ரேஸ்!' என்பார்கள்.

நான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆசாமி. எனக்கு ஞாபகம் வருவது விளக்கெண்ணெய்.

1987 பிப்ரவரி. எனக்கு ஒன்பது வயசு. என் பெரிய மாமா மெக்கானிக். 'பையன் பார்க்கட்டும்க்கா' என்று அம்மாவிடம் கெஞ்சி, ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து அழைத்துப் போனார். செங்குன்றம் தாண்டியதும் ஒரே தூசி. பஸ், லாரி, சைக்கிள், நடை என்று ஜனம் ஜனமாகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே போனதும் குப்பென்று ஒரு வாசனை. வீட்டில் மாதம் ஒருமுறை மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்களே, அதே சனியன்!

'மாமா, இங்கயும் விளக்கெண்ணெய் குடிக்கணுமா?'

'நீ இல்லடா, வண்டி குடிக்குது' என்றார் மாமா.

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. ஆமணக்கு எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட ஆயிலை ரேஸ் இன்ஜின்களுக்கு ஊற்றுவது உலகம் முழுக்க இருந்த பழைய வழக்கம். அதிக சூட்டிலும் வழவழப்பு போகாது. அந்த வாசனையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறப்பதில்லை. பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. வாசனை இருக்கிறது.

பழைய கார் மியூசியங்களைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். கடந்த சில வருடங்களாக ஊர் ஊராகக் காரில் போகும்போதெல்லாம், வழியில் இப்படி ஏதாவது இருந்தால் வண்டியைத் திருப்பிவிடுவது என் வழக்கம். வீட்டில் இதற்குப் பெயர் 'அப்பாவோட வேண்டுதல்'. எழுத ஆரம்பித்தால் எல்லா வழியும் சோழவரத்தில் வந்து நிற்கிறது.

முதலில் கோவை. அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளை 2015-ல் திறந்த ஜீ.டீ. கார் மியூசியம். நம் ஊரில் கார் மியூசியம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரிடமும் சொல்வேன். காரணம், காரின் விலையையோ, எந்த ராஜா வைத்திருந்தார் என்பதையோ அது பெரிதாகப் பேசுவதில்லை. இந்த வண்டியில் புதிதாக என்ன செய்தார்கள், முன்னால் இருந்த எந்தச் சிக்கல் இதனால் தீர்ந்தது என்று சொல்கிறது. சாமானியனுக்கும் கார் வேண்டும் என்று ஒவ்வொரு நாடும் எப்படி மண்டையை உடைத்துக்கொண்டது என்பது, அந்தக் குட்டிக் குட்டி கார்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் நமக்கே விளங்கிவிடும். என் கூட வந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒரு மணி நேரம் போனை எடுக்கவில்லை. இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தெரியாது.

நாயுடுவே அப்படிப்பட்ட ஆள்தான். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ்ஸை ஓட்டி ஆரம்பித்தவர். எதைப் பார்த்தாலும் கழற்றிப் பார்க்கிற மனிதர். கழற்றிப் பார்த்தவரின் பெயரில் இருக்கிற மியூசியத்துக்கும், வாங்கி நிறுத்தியவரின் மியூசியத்துக்கும் உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிஷத்தில் வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

சென்னையில் ஏவி.எம். ஸ்டூடியோவுக்குள் 2023 மே மாதம் திறந்த பாரம்பரிய அருங்காட்சியகம் வேறு ஜாதி. பழைய கேமராக்கள், படப்பிடிப்புச் சாமான்கள், அவற்றோடு பளபளவென்று பழைய கார்கள், மோட்டார் சைக்கிள்கள். குடும்பத்தோடு போய்வர அருமையான இடம். ஆனால் அங்கே கார் ஒரு துணை நடிகர்தான். ஹீரோ சினிமா. அதில் தப்பு ஒன்றும் இல்லை, போர்டிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஹைதராபாத்தில் சுதாகர் என்பவர் நடத்தும் சுதா கார்ஸ் மியூசியம் கிறுக்குத்தனத்தின் உச்சம். கிரிக்கெட் பந்து வடிவத்தில் கார், கேமரா வடிவத்தில் கார், ஷூ வடிவத்தில் கார். எல்லாம் ஓடும். 2005-ல் உலகத்திலேயே பெரிய மூன்று சக்கர சைக்கிள் செய்து கின்னஸில் ஏறியவர். படித்த நண்பர்கள் இதை 'சர்க்கஸ்' என்று உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது. வெல்டிங் தெரிந்த ஒரு மனுஷன் தன் மனசில் தோன்றியதை இரும்பில் செய்து, ரோட்டில் ஓட்டிக் காட்டியிருக்கிறான். அமெரிக்காவில் டெக்சாஸ் வயல் ஒன்றில் 1974-ல் பத்து கேடிலாக் கார்களைத் தலைகீழாக, பாதி உடம்பு மண்ணுக்குள் இருக்கும்படி புதைத்து வைத்தார்கள். அது கலை. சும்மா புதைத்ததே கலை என்றால், ஓட்டிக் காட்டுவது மட்டும் எப்படி சர்க்கஸ்?

பார்த்ததிலேயே என்னைக் கடுப்பேற்றியது இன்னொரு இடம். பெயர் வேண்டாம். ஒரு ரிசார்ட்டுக்குள் 'வின்டேஜ் கலெக்‌ஷன்'. மாமாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவருக்கு இப்போது 79. ஏ.சி. ஹால், மஞ்சள் விளக்கு, சுற்றிலும் சிவப்புக் கயிறு, மெலிசாக வயலின். ஒவ்வொரு காரின் முன்னாலும் ஒரு பித்தளைத் தகடு: வருடம், மாடல், கடைசியில் உரிமையாளர் பெயர். அவர் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில். எல்லாரும் காரோடு செல்பி எடுத்துக்கொண்டிருக்க, மாமா மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். செக்யூரிட்டி ஓடி வந்துவிட்டார்.

'என்ன சார் தேடறீங்க?'

'ஆயில்' என்றார் மாமா.

'ஆயிலா?'

'ஐம்பது வருஷ வண்டி, தரையில ஒரு சொட்டு ஆயில் இல்லையேப்பா. சிந்தலைன்னா உள்ள இல்லைன்னு அர்த்தம். பாவம், எப்பவோ போய்ச் சேர்ந்துடுச்சு.'

செக்யூரிட்டிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஓடாத காரை வைத்துக்கொண்டு அதற்கு வயலின் வாசிப்பது ஒருவகை துக்க வீடு.

நான் படித்தது பி.காம். எனவே ஒரு கணக்கு. வருமான வரிக் கணக்கில் காருக்கு வருடத்துக்கு 15 சதவிகிதம் தேய்மானம். குறைந்துகொண்டே வரும் மதிப்பில் போட வேண்டும். ஒரு லட்ச ரூபாய் கார் பத்து வருடத்தில் சுமார் 19,700 ரூபாய்க்கு இறங்கும். ஐம்பது வருடத்தில் கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு சுமார் 30 ரூபாய். பூஜ்ஜியம் ஆகவே ஆகாது என்பது இந்த முறையின் அழகு. எங்கள் புரொபசர் இதைச் சொல்லிச் சொல்லிப் பரவசப்படுவார்.

வேடிக்கை என்னவென்றால், ஐம்பது வருடம் ஆனால்தான் அரசாங்கத்தின் கண்ணில் அந்த வண்டி மறுபடி பெரிய மனுஷன் ஆகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய, அடிப்படை அமைப்பு பெரிதாக மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் 'வின்டேஜ்'. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பக்கத்தில் 'வி.ஏ.' என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும்; புதுப்பிக்க 5,000. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று ஓட்டலாம். தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ கூடாது. நல்ல விதிதான். பழைய வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் வைத்திருப்பவனுக்கு ஒரு பாதுகாப்பு.

ஆனால் விதியைக் கவனியுங்கள். அது காப்பாற்றுவது காரை. கார் ஓடிய இடத்துக்கு வி.ஏ. நம்பர் கிடையாது. அந்தக் காரை ஓட வைத்த கைகளுக்கும் கிடையாது. என் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சோழவரத்தில் இருந்தது ஒரு ஓடுதளம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படைக்காகப் போட்டது. போர் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன. தளம் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்களின் கண்ணில் பட்டது. ஆங்கில 'டி' எழுத்து மாதிரி கிடந்த அந்தத் தளத்தில் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். கிட்டத்தட்ட நாற்பது வருடம், 80களின் இறுதி வரை, இந்தியாவில் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம். கோண்டல் மகாராஜா வெளிநாட்டு கார்களோடு வந்து இறங்கினார். கல்கத்தா, பம்பாய், பெங்களூர், இலங்கையிலிருந்தெல்லாம் வந்து ஓட்டினார்கள். 80களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு என்சைன் பார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். (2016-ல் அவர் தேசத்தை விட்டுப் போன வேகத்துக்கு அன்றே பயிற்சி எடுத்திருக்கிறார்.)

மகாராஜாக்களும் தொழிலதிபர்களும் இருக்கட்டும். சுவாரஸ்யமே மற்றவர்கள்தான். அன்றைக்கு இந்தியாவில் ஒரு சாதாரண மனிதர் வாங்கக்கூடிய கார்கள் மூன்றே மூன்று: அம்பாசடர், பியட், இங்கே வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இறக்குமதி கிட்டத்தட்ட முடியாத காரியம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பந்தயம் விடுவதென்பது, கல்யாணச் சமையல் பாத்திரத்தை வைத்துக்கொண்டு கச்சேரி செய்வது மாதிரி. செய்தார்கள்!

எப்படி என்று மாமா பலமுறை சொல்லியிருக்கிறார். சீட்டைக் கழற்று, கண்ணாடியைக் கழற்று, பம்பரைக் கழற்று. கனம் போனால் பாதி வேலை முடிந்தது. சிலிண்டர் ஹெட்டை இறக்கி லேத்துக்காரரிடம் கொடுத்து நூல் அளவுக்குச் சீவி எடு. உள்ளே இடம் குறைய, பெட்ரோல் புகை அதிகமாக அழுத்தப்படும், வேகம் கூடும். ரொம்பச் சீவினால் கேஸ்கெட் ஊதிக்கொண்டு போகும், பந்தயம் காலி. எவ்வளவு சீவலாம் என்பது எந்தப் புத்தகத்திலும் கிடையாது; கை விரலுக்குத் தெரியும். கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை மாற்று. ஜெட் கிடைக்காதா? இருப்பதையே ஊசியால் துளைத்துப் பெரிசு பண்ணு. இதையெல்லாம் செய்தவர்கள் மவுன்ட் ரோடு சந்துகளிலும் புதுப்பேட்டையிலும் இருந்த மெக்கானிக்குகள், டர்னர்கள், வெல்டர்கள். ஹெரால்டு, பியட் இன்ஜின்களை எடுத்து, தாங்களே பைப் வளைத்துச் செய்த சட்டத்தில் பொருத்தி, ஒற்றை சீட் பந்தயக் கார்களும் பண்ணினார்கள்.

அந்த வழியில் வந்தவர்தான் கோவை மில் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன். மாருதி 800 இன்ஜினை வைத்து 80களின் கடைசியில் 'பார்முலா மாருதி' என்ற குறைந்த செலவுப் பந்தயக் காரை உருவாக்கினார். 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் தொடங்கிய பந்தயத் தளத்துக்கு அவர் பெயர். பார்முலா மாருதியில் பழகியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, பார்முலா ஒன்னில் கால் வைத்த முதல் இந்தியர். 2010-ல் போன கருண் சந்தோக்கின் தாத்தா, அப்பா இருவருமே சென்னை பந்தய உலகத்து ஆட்கள். ஆக, பார்முலா ஒன் வரை போன இரண்டு இந்தியர்களும் தமிழ்நாட்டுக்காரர்கள். தற்செயலா என்ன? பின்னால் நாற்பது வருட பிப்ரவரிகள் இருக்கின்றன.

சோழவரம் இரவல் இடம். ராணுவத்துக்குச் சொந்தமானது. எத்தனை நாள் இரவல் இடத்தில் ஓட்டுவது? கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தளம் கட்டி, 1990-ல் அங்கே போய்விட்டது. முறையான வளைவுகள், முறையான பாதுகாப்பு. சோழவரத்தில் பாதுகாப்பு என்பது நான் பார்த்தவரை வைக்கோல் கட்டும், பழைய டயரும், சவுக்குக் கட்டையும், அதைத் தாண்டி ஆண்டவனும். எனவே போனது நல்லதுதான். நான் அழ மாட்டேன். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். மாதவரம், செங்குன்றம், கொல்கத்தா நெடுஞ்சாலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்ப்பதில்லை. சோழவரத்தில் மெதுவாகப் போகச் சொன்னார் மாமா. ஒரு இடத்தில் நிறுத்தி இறங்கினோம். ராணுவ நிலம், அனுமதி இல்லாமல் உள்ளே போகிற உத்தேசம் எங்களுக்கு இல்லை. ரோட்டிலிருந்தே பார்த்தோம். பார்க்க என்ன இருக்கிறது? வெயில், முள்செடி, தூரத்தில் மாடு. ரோட்டோரம் பலகைகளுக்குப் பஞ்சமில்லை: மனை விற்பனை, பிரியாணி, இன்ஜினீயரிங் காலேஜ், கண்ணீர் அஞ்சலி. இங்கேதான் ரேஸ் நடந்தது என்று ஒரே ஒரு பலகை? என் கண்ணில் படவில்லை. டீக்கடையில் கேட்டேன். பையன், 'ரேஸா? பைக் ரேஸா அண்ணா? போலீஸ் புடிச்சிடுவாங்க' என்றான்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே நின்றார்.

இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் என்று ஒரு கிராமம். அங்கேயும் இதே போருக்காக 1943-ல் ஒரு விமான தளம் போட்டார்கள். அங்கேயும் போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன. 1947-ல் சில இளவட்டங்கள் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்து பந்தயம் விட, குறுக்கே வந்த ஒரு ஆடு அடிபட்டுச் செத்தது. அந்தப் பந்தயத்துக்கே 'மட்டன் கிராண்ட் பிரீ' என்று பெயர் வந்துவிட்டது. அடுத்த வருடம் முறையான கிராண்ட் பிரீ. 1950 மே 13 அன்று உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமே அங்கேதான், ராஜா முன்னிலையில். இன்றைக்கும் அந்தத் தளத்தின் நேர்ப்பாதை ஒன்றுக்கு 'ஹேங்கர்' என்றும், இன்னொன்றுக்கு அங்கிருந்து பறந்த குண்டுவீச்சு விமானத்தின் பெயரான 'வெல்லிங்டன்' என்றும் பெயர். 2019-ல் மியூசியம் வைத்தார்கள். புதுக் கட்டடம் தேடாமல், அந்தப் போர்க்கால விமானக் கொட்டகையிலேயே.

அதே போர், அதே மாதிரி தளம், சில வருட இடைவெளியில் அதே மாதிரி பந்தயம். அவர்கள் ஆடு செத்ததைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள்.

'அவங்க கிட்ட காசு இருக்கு' என்பார் நண்பர் ஒருவர். நிஜம். பார்முலா ஒன் கொட்டுகிற காசு. சோழவரத்துக்கு நான் மியூசியம் கேட்கவில்லை. ஏ.சி. ஹால் வேண்டாம், வயலின் வேண்டவே வேண்டாம். நெடுஞ்சாலை ஓரமாக ஒரு பலகை, தளத்தின் வரைபடம், நாலு போட்டோ, ஓட்டியவர்கள் பெயர், வண்டியைத் தயார் செய்தவர்கள் பெயர். ஒரு பிரியாணிக் கடை பிளெக்ஸுக்கு ஆகிற செலவு. காசு இல்லாதது காரணமே இல்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நமக்கு ரோட்டோர ஞாபகச் சின்னம் வைக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ராஜஸ்தானில் பாலி பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளுக்கே கோயில் இருக்கிறது. 1988-ல் அதை ஓட்டிய இளைஞர் விபத்தில் இறந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துப்போன வண்டி தானாகவே விபத்து நடந்த இடத்துக்குத் திரும்பி வந்தது என்பது கதை. லாரி டிரைவர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். நம் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரன் இருக்கிறார். புதுக் கார், புது பைக் எல்லாம் எலுமிச்சம்பழம் நசுக்க அங்கே வரிசையில் நிற்கும். அதற்குக் கூப்பிடு தூரத்தில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்குத் தளம் போட்டு, 2024 ஆகஸ்ட் 31-ம் செப்டம்பர் 1-ம் ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் பார்முலா 4 பந்தயம் விட்டார்கள். ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. 'மெட்ராஸுக்கு எதுக்கு சார் ரேஸ்?' என்று டி.வி.யில் ஒருவர் கேட்டார். அவருக்கு சோழவரம் தெரியாது. யாராவது சொல்லி வைத்திருந்தால்தானே? 2025 ஜனவரியில் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது தெருவுக்குத் தெரு பட்டாசு. சந்தோஷம். துபாய் வரை தெரிகிறது. செங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை.

வடசென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் கோடு போட்டுப் பாருங்கள். 1948-ல் உருவான அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கி, பிறகு அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் 50களிலிருந்து புல்லட். திருவள்ளூர் பக்கம் 1998-ல் லான்சர் கார். எல்லாம் சேர்த்தால் ஒரு தேசத்தின் மோட்டார் வரலாறு. இந்தக் கோட்டின் மேல் பழைய வண்டியைப் பார்க்க வேண்டும் என்றால் ஒரே இடம், பிரித்துப் போடுகிற காயலான் கடைதான். பணக்காரர் வாங்கிய ரோல்ஸ் ராய்ஸுக்கு ஹால் உண்டு. அந்த ஹாலில் ஹெட் சீவிய அம்பாசடரை நான் இதுவரை பார்த்ததில்லை.

சோழவரத்திலிருந்து அப்படியே பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போனோம். மாமா பார்த்ததே இல்லையாம். டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு சிற்பங்கள். ரோட்டோர அதிசயம் என்றால் இது அதிசயம். வண்டியைத் திருப்பத் தகுந்தது, நீங்களும் போகலாம். தொல்லியல் துறையின் நீலப் பலகை இருக்கிறது. 'பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை.' மாமா அதை முழுசாகப் படித்தார்.

'இவங்கல்லாம் யாருடா?'

'டச்சு வியாபாரிங்க மாமா. நானூறு வருஷம் முன்னால துணி வாங்க வந்தவங்க.'

'இங்க எத்தனை வருஷம் இருந்தாங்க?'

சொன்னேன். 'ம்' என்றார். 'நாங்களும் நாப்பது வருஷம் இருந்தோம்.'

கிண்டலா, வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. காரில் ஏறியதும் ஜிப்பா பாக்கெட்டிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். திறந்தால், பஞ்சுக்குள் பித்தளை ஜெட்டுகள். சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது ஒவ்வொன்றும். பதினாலு இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஊசியால் கீறிய ஏதோ ஒரு எண்.

'எதுக்கு மாமா இது?'

'சோழவரத்துல போட்டது. எந்த வண்டிக்கு எதுன்னு எனக்குத் தெரியும். பலகை வைக்கணும்ங்கறியே, என் பேர் வேணாம். இதை எழுதிக்கோ. எந்த வண்டி, எந்த வருஷம், எவ்ளோ துளைச்சோம்னு சொல்றேன். அந்தக் கணக்கு எங்கயும் இல்ல.'

நோட்டுப் புத்தகம் எடுத்து வரவில்லை. டோல் ரசீதின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ஆறாவது ஜெட் வரை வந்தோம். அதற்குள் முன்னால் ஒரு லாரி பானெட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நிற்க, மாமா என் கையைத் தட்டினார்.

'நிறுத்துடா. டாப்பெட் சத்தம் கேக்குது.'

நிறுத்தினேன். நான் இறங்குவதற்குள் அவர் இறங்கி, டிரைவரை ஒதுங்கச் சொல்லிவிட்டு, இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தார். இன்னும் எட்டு பாக்கி இருக்கிறது. அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார்.